ராஜா வீட்டு விழாவுக்கு முறையாக வயிறெரிவது எப்படி

2023 மே 6, சனிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் நாங்கள் நாலைந்து பேர். ஒருத்தர் கையில் இருந்த போனில் லண்டனில் சார்லஸ் மன்னருக்கு முடிசூட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்குள்ளே அண்ணாச்சி சிலிண்டரை உருட்டிக்கொண்டே, வீட்டு சிலிண்டரே 1,100 ரூபாயைத் தாண்டியாச்சு, கடை சிலிண்டர் விலையை என்னிடம் கேட்காதீங்க என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. "இந்தக் கூத்துக்கு நாலாயிரம் கோடியாம், எல்லாம் ஜனங்க வரிப்பணம்" என்று அடித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்டார்: சரியாக எத்தனை, யார் பணம், எங்கே படித்தாய். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. சாயா ஆறிப்போனதுதான் மிச்சம்.

வயிறு எரிவதில் ஒரு குற்றமும் கிடையாது. முடிசூட்டு, ஜூபிலி, ராஜ குடும்பத்துக் கல்யாணம், உடைவாள் எழுந்தருளல் என்று எதுவானாலும், தேங்காயெண்ணெய் விலையைக் கேட்டுவிட்டுப் பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டு வந்த அன்றைக்குப் பார்த்தால் யாருக்கும் எரியத்தான் செய்யும். ஆனால் என்னைப் போலக் கணக்குத் தெரியாமல் எரிந்தால் அடுத்தவன் ஒரே ஊதில் அணைத்துவிடுவான். அப்படி அணையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று இந்த இரண்டு மூன்று வருடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இங்கிலாந்து ராஜாவுக்கும் பொருந்தும், நம் தமிழ்நாடு-கேரள எல்லைப்பக்கத்து விவகாரத்துக்கும் பொருந்தும்.

முதலில் யார் பை என்று பாருங்கள்

எத்தனை செலவு என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, காசு எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது. பிரிட்டனில் ராஜா சம்பந்தப்பட்ட பைகள் குறைந்தது மூன்று. ஒன்று, நேரடியாக அரசாங்கக் கஜானா. முடிசூட்டு விழா அரசு விழா, அதனால் அது இந்தப் பையில்தான் வரும். ராஜ குடும்பத்தாருக்கு இருக்கும் போலீஸ் பாதுகாப்பும் இதே பையில்தான். இரண்டாவது, ராஜாவின் பதவிக் கடமைகளுக்கு, அரண்மனைப் பராமரிப்புக்கு, ஊழியர் சம்பளத்துக்கு என்று ஆண்டுதோறும் அரசாங்கம் தரும் மானியம். இதை கிரௌன் எஸ்டேட் என்ற பெரிய நிலச் சொத்தின் லாபத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சொத்து பேருக்குத்தான் ராஜாவுடையது, அவர் ஒரு சென்ட் நிலத்தைக்கூட அதிலிருந்து விற்க முடியாது. மூன்றாவது, லங்காஸ்டர் டச்சி போன்ற பரம்பரைச் சொத்தின் வருமானமும் சொந்த முதலீடுகளும். கல்யாணம் என்றால் சாப்பாடு, பூ, சடங்குச் செலவெல்லாம் பெரும்பாலும் குடும்பத்தின் பையிலிருந்து போகும், தெருக்காவல் மட்டும் ஜனங்கள் பையிலிருந்து.

இது தெரியாமல் பேசினால் எதிராளிக்கு வசதி. மானியம் 2023-24இல் 8.63 கோடி பவுண்டாக இருந்தது, 2025-26இல் 13.21 கோடியாக ஏறியது. பார்த்தீர்களா, ஜனங்கள் தவிக்கும்போது ராஜாவுக்குச் சம்பள உயர்வு என்று யாராவது கத்தினால், கடலில் காற்றாலை போடக் குத்தகைக்கு விட்டதில் கிரௌன் எஸ்டேட்டுக்கு லாபம் குவிந்தது, சூத்திரப்படி மானியமும் ஏறியது, பக்கிங்ஹாம் அரண்மனைப் பழுதுபார்ப்பு வேலைக்கும் அதிலிருந்துதான் போகிறது என்று மற்றவன் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாட்டுக் கடலில் வீசும் காற்றின் லாபத்தில் அரண்மனைக்கு ஒரு பங்கு ஏன் போக வேண்டும்? அதற்கு இப்படி டக்கென்று பதில் வராது, முயன்று பாருங்கள்.

அப்புறம் தொகை. முடிசூட்டுக்கு முன்பும் பின்பும் பத்திரிகைகளில் ஆளுக்கு ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரியதைப் பிடித்து, அதையும் பெருக்கிச் சொன்னவன் நான். அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு 2024 நவம்பரில்தான் வெளிவந்தது, விழா முடிந்து ஒன்றரை வருடம் கழித்து: 7.2 கோடி பவுண்டு. அதில் 5.03 கோடி பண்பாட்டுத் துறை செலவழித்தது, 2.17 கோடி போலீஸ் பாதுகாப்புக்கு. நம் காசில் 700 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நான் சொன்ன நாலாயிரத்தைப் பாருங்கள். கணக்கு வெளிவரும்வரை "மதிப்பீடு" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லுங்கள், மானம் தப்பும்.

ஆளுக்கு ஒரு பவுண்டு என்பார்கள், மாட்டிக்கொள்ளாதீர்கள்

ஹெட்மாஸ்டர் சார் இதைத்தான் செய்தார். கணக்கு வந்த வாரம், ஏழு கோடிச் சொச்சம் பவுண்டை ஆறே முக்கால் கோடி ஜனத்தொகையால் வகுத்து, "ஆளுக்கு ஒரு பவுண்டுதானடே, லண்டனில் ஒரு சாயாகூடக் கிடைக்காது" என்றார். எந்த ஊரில் எந்த விழாவுக்கும் இந்த வகுத்தல் கணக்கு வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

இதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இன்னும் மோசம்: அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்திருக்கலாமே. கொடுத்திருந்தால்? இங்கிலாந்தின் அரசு மருத்துவத்துக்கு ஆண்டுச் செலவு 15,000 கோடி பவுண்டுக்கு மேல். மணிக்கணக்கில் வகுத்தால் இந்த 7.2 கோடி சுமார் நாலு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். ஒரு விழாவை நிறுத்தினால் நாடு சீராகிவிடும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள், அது தோற்கிற சீட்டு.

ஜெயிக்கிற சீட்டு எது என்று எனக்குச் சொல்லித்தந்தது என் அண்ணன் மகள். இங்கிலாந்தில் நர்ஸ். இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை, பாறசாலையிலும் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 அக்டோபரில் அங்கே விலைவாசி உயர்வு 11.1 சதவீதம், நாற்பது வருடத்தில் இல்லாத அளவு. 2023 மார்ச்சில் சாப்பாட்டுப் பொருள் மட்டும் ஒரே வருடத்தில் 19 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. சாதாரண வீட்டின் மின்சாரம், கேஸ் செலவு வருடத்துக்கு 1,277 பவுண்டாக இருந்தது, அரசாங்கம் பிடித்து நிறுத்திய பிறகும் 2,500இல் வந்து நின்றது. அவளுடைய நர்ஸ் சங்கம், இங்கிலாந்தில் அதுவரை வேலைநிறுத்தமே செய்யாத சங்கம், 2022 டிசம்பர் 15 அன்று தெருவில் இறங்கியது. சம்பளம் கேட்டபோது கஜானாவில் காசில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏப்ரல் 30 ராத்திரி தொடங்கி மே 1 வரை மறுபடி வேலைநிறுத்தம். அதற்கு ஐந்தாவது நாள் முடிசூட்டு.

"சித்தப்பா, ஒரு பவுண்டு போனதுக்கு யாரும் அழல. காசில்லன்னு சொன்ன அதே வாயி அஞ்சாம் நாள் இதுக்கு மட்டும் காசிருக்குன்னு சொல்லுச்சு பாத்தீங்களா, அதுதான்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். விழாவை ஒட்டி, தெருவிருந்துக்கு என்று அரண்மனையே முட்டை, கீரை, பயறு போட்ட ஒரு பதார்த்தத்தின் சமையல் குறிப்பை வெளியிட்டது. முட்டை விலை ஏறிக்கிடந்த நேரம். அப்புறம், வீட்டில் டிவிக்கு முன்னால் இருப்பவர்களும் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்லலாம் என்று அழைப்பு வந்தது. காசை எடுத்துக்கொண்டதோடு சத்தியமும் கேட்கிறார்களா என்று ஜனங்கள் சிரித்த சிரிப்பில், விழா நாளில் அந்த அழைப்பைக் கொஞ்சம் தணித்துத்தான் சொன்னார்கள்.

ஆகவே வகுத்தல் கணக்கு வரும்போது நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அந்த ஒரு பவுண்டைத் தரலாமா என்று யாரிடம் கேட்டார்கள்? அந்த ஏப்ரலில் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 51 சதவீதம் பேர் அரசாங்கம் இதற்குச் செலவழிக்கக் கூடாது என்றார்கள், 32 சதவீதம்தான் சரி என்றார்கள். கூடவே இதையும் வையுங்கள். அங்கே சாதாரண ஆள் 3,25,000 பவுண்டுக்கு மேல் சொத்து விட்டுப்போனால், மேலே உள்ளதற்குப் பொதுவாக 40 சதவீதம் வாரிசு வரி. ஒரு ராஜாவிடமிருந்து அடுத்த ராஜாவுக்குப் போகும் சொத்துக்கு, 1993இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அந்த வரி கிடையாது. செலவுப் பக்கத்தை மட்டும் பார்ப்பவனுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு. வராத பக்கத்தையும் பார்ப்பவனுக்குத்தான் முழுக்கணக்கு.

காலம் பார்த்துப் பேசுங்கள், ஆனால் தாது வருஷத்தை எதற்கெடுத்தாலும் இழுக்காதீர்கள்

விழாவின் மேல் வரும் கசப்பில் பாதி, நேரத்தின் மேல் வருவது. நம் பாட்டிமார் வாயில் இருந்த தாது வருஷப் பஞ்சம், 1876-இல் தொடங்கி 78 வரை தென்னாட்டைச் சுட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் பாண்டி நாடு, வடக்கே ராயலசீமை வரை. அதன் நடுவில், 1877 ஜனவரி 1ஆம் தேதி, டெல்லியில் லிட்டன் பிரபு விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க தர்பார் நடத்தினார். யானை, அம்பாரி, ராஜாக்கள், நாட்கணக்கில் விருந்து. அதே மாதம் சென்னை மாகாணத்துக்குப் பஞ்ச நிலைமையைப் பார்க்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆண் ஆளுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மண் வெட்டுகிற ஆளுக்கு. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல்.

இப்படி ஒரு உதாரணம் கையில் இருப்பதாலேயே அதை எல்லா விழாவுக்கும் எறியாதீர்கள். முட்டை விலை ஏறியதும் பிணம் விழுந்ததும் ஒன்றாகாது. சொல்பவனைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்கள், செத்தவர்களுக்கும் அது மரியாதை இல்லை. தர்பார் கதையிலிருந்து எடுக்க வேண்டியது ஒரு சின்ன முறைதான்: விழா நாளையும், அதே நாளில் ஜனங்களிடம் "குறைத்துக்கொள்" என்று சொன்ன உத்தரவையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது. தேதி, தொகை, உத்தரவு. அடைமொழி எதுவும் வேண்டாம். இரண்டையும் படிப்பவன் மிச்சத்தைத் தானே சொல்லிக்கொள்வான்.

எதிர்ப்பக்கத்தில் உள்ள நல்ல உதாரணத்தையும் நீங்களே சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். 1947 நவம்பரில் எலிசபெத் கல்யாணம் நடந்தபோது அங்கே துணிக்கு ரேஷன். கல்யாணப் பெண்ணும் கூப்பன் கொடுத்துத்தான் துணி வாங்கினார், அரசாங்கம் கொஞ்சம் கூடுதல் கூப்பன் தந்தது. ஊரிலிருந்த பெண்கள் தங்கள் கூப்பனையும் அனுப்பிவைத்தார்கள், ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதால் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 1953இல் அவருடைய முடிசூட்டுக்கு ஜனங்களுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு சர்க்கரை கூடுதலாகக் கிடைத்தது. சர்க்கரை அப்போதும் ரேஷனில்தான் இருந்தது. அந்த விழாவுக்கும் செலவு இல்லாமல் இல்லை, அழைப்பு மட்டுமே 8,251 பேருக்கு. சார்லஸ் கூப்பிட்டது சுமார் 2,200 பேரைத்தான். ஆனாலும் 1953ஐப் பற்றி அந்த ஊர்க் கிழவிகள் இன்றைக்கும் ஆசையோடுதான் பேசுவார்களாம். ஒரே வரிசையில் நின்றவர்களுக்குள் வயிறெரிச்சல் குறைவு. சர்க்கரை சமாச்சாரம் ஹெட்மாஸ்டர் சாருக்குத் தெரியாது, நான்தான் சொன்னேன். அன்றைக்கு சாயா அவர் கணக்கு.

கொடி பிடித்தவர்களைத் திட்டாதீர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகள் வேலை பார்த்த வார்டில் விழாவன்று ஒரு எண்பது வயசு அம்மா டிவியைப் பார்த்துக் கண்ணீர் விட்டாராம். அவருக்குத் தலையணையை உயர்த்தி வைத்தவள் ஐந்து நாளைக்கு முந்தி வேலைநிறுத்தத்தில் கத்திவிட்டு வந்தவள். தெருவிருந்தில் கேக்கும் சாப்பிட்டாள், மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டும் வந்தாள். விழா பிடித்திருப்பதும் அதன் பில் பிடிக்காமல் போவதும் ஒரே ஆளுக்குள் இருக்கும். பார்க்கப் போனவனை "அடிமைப்புத்தி" என்று ஆரம்பித்தீர்கள் என்றால், பில்லைப் பார்க்க உங்களோடு வந்திருக்கக்கூடிய ஒரு ஆளையும் சேர்த்து இழந்தீர்கள்.

நம் ஊருக்கு வருவோம்

எங்கள் பக்கம் ராஜாவின் மேல் குறைபடுவதற்கு ஒரு பழைய பாத்தியதை உண்டு. திருவிதாங்கூர் காலத்தில் தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி, அதற்கு மேல் அரண்மனைக்கும், இலவசச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைக்கும் சம்பளமில்லாத ஊழியம். சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டசாமி அந்த ராஜாவை நீசன் என்றே சொன்னார், திருவனந்தபுரத்தில் சிறையும் இருந்தார். அவரைக் கும்பிடுகிற வீடுகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, ராஜாவைக் குறை சொல்லலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் சிரிப்புதான் வரும்.

ஆனால் பழைய கோபத்தை இன்றைய பில்லின் மேல் அப்படியே ஒட்டக் கூடாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால், திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகக் குழித்துறை, களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போவார்கள், இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்யும். பார்க்கிறவனுக்கு ராஜா இன்னும் ஆள்கிறார் போலத் தோன்றும். ஒரு வருடம் நான், "ராஜ குடும்பத்துக்கு நம்ம வரிப்பணம்" என்று தொடங்கினேன். அந்தக் குடும்பத்துக்கு அரசு தந்த மன்னர் மானியம், ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய், 1971 டிசம்பரில் 26ஆவது சட்டத்திருத்தத்தோடு நின்றுபோயிற்று. இப்போது நடப்பது அரசுத் துறைகளும் கோயில் நிர்வாகங்களும் நடத்தும் விழா. அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. குறையைக் கொண்டுபோய் ராஜா வீட்டு வாசலில் வைத்தால் வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

இன்னொரு கண்ணி, அரசியல் சாசனத்தின் 290ஏ பிரிவு. கேரள அரசு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வம் (கோயில் நிர்வாக) நிதிக்கும், தமிழ்நாடு அரசு 13.5 லட்சம் ரூபாய் 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பக்கம் வந்த கோயில்களுக்கான நிதிக்கும் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதை யாராவது, பார், ராஜா கோயிலுக்கு இன்னும் கப்பம் என்று போனில் அனுப்புவார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் கர்னல் மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது நூற்றுக்கணக்கான கோயில்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாகக் கோயில்களுக்குத் தர வேண்டிய பணத்தின் வாலாகத்தான் இந்தத் தொகை வருகிறது. 1956இல் எழுதிய எண் அப்படியே நிற்கிறது, விலைவாசி எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். அது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் ராஜாவின் ஆடம்பரத்தோடு அதைச் சேர்க்காதீர்கள்.

சரி, செலவை உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதினால் போதும், மேலே "பொதுத் தகவல் அலுவலர்" என்று துறையின் பெயரோடு முகவரி, 10 ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

எழுதும் விதத்தில்தான் சூட்சுமம். "ஜனங்கள் கஷ்டப்படும்போது ஏன் இவ்வளவு செலவு செய்தீர்கள்" என்று கேட்டால், ஏன் என்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். இந்த ஆண்டு, போன ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு என்று மூன்று ஆண்டுக்கு, இந்த விழாவுக்கு ஒதுக்கிய தொகையின் ஆணை நகல், பந்தல், ஒலிபெருக்கி, வாகன வாடகைக்கான பில் நகல், ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தால் அதன் நகல். ஒரே ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் அது ஒரு எண் மட்டும்தான், மூன்று ஆண்டு சேர்ந்தால்தான் ஏறியதா இறங்கியதா என்று தெரியும். ஒரே மனுவில் ஊர்ப்பட்ட கேள்வி கேட்காதீர்கள், துறைக்கு ஒரு மனு. எல்லைப்பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: தமிழ்நாட்டுக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டிக் கேரள அலுவலகத்துக்கு அனுப்பினால் அது செல்லாது. அரண்மனை நம் ஊரில்தானே இருக்கிறது என்று நான் ஒட்டி அனுப்பி, இருபத்திரண்டு நாள் கழித்து அது மலையாளக் குறிப்போடு திரும்பி வந்தது. அந்த மாநில முறைப்படி கட்டணம் கட்டுங்கள், மனுவை மலையாளத்தில் எழுதித்தர களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் ஆள் கிடைப்பார்கள்.

எப்போது கேட்பது, என்ன கேட்பது

விழாவுக்கு இரண்டு மூன்று மாதம் முந்திக் கேளுங்கள். விழா நாளில் கூட்டத்துக்கு நடுவே கத்தினால் காதில் விழுவது செண்டையும் நாதஸ்வரமும்தான். லண்டனில் அன்றைக்கு "எனக்கு ராஜா அல்ல" என்று அட்டை பிடிக்க வந்தவர்களில் சிலரை, ஊர்வலம் தொடங்குவதற்கு முன்பே போலீஸ் கொண்டுபோய்விட்டது. அட்டைகளைக் கட்டிவந்த பட்டையை, எதிலாவது தங்களைப் பூட்டிக்கொள்வதற்கான கருவி என்று சொல்லிப் பிடித்தார்கள். அதற்கு வழிவிட்ட சட்டம் அமலுக்கு வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. அன்று மொத்தம் 64 பேர் கைது. பிறகு போலீஸ் வருத்தம் தெரிவித்தது, ஆனால் ஊர்வலம் போனது போனதுதான். நம் ஊரில் சாமி ஊர்வலத்துக்கு நடுவில் இதைச் செய்தீர்கள் என்றால் போலீஸ் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்காது.

கேட்பது ஒன்றாகவும், செய்யக்கூடியதாகவும் இருக்கட்டும். 1992 நவம்பரில் விண்ட்சர் கோட்டை எரிந்தபோது, பழுதுபார்க்க அரசாங்கம் பணம் தரும் என்று மந்திரி அவசரப்பட்டு அறிவித்தார். நாடு பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். கோட்டை அவர்களுக்கு நிற்கும்போது, எரிந்தால் மட்டும் நமக்கா என்று ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். ராஜாட்சியை ஒழி என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, பில்லை நீயே கட்டு என்றுதான் கேட்டார்கள். பலன், எலிசபெத் வருமான வரி கட்டச் சம்மதித்தார், மறுவருடம் கோடையில் பக்கிங்ஹாம் அரண்மனையை டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள், பழுதுபார்த்த 3.65 கோடி பவுண்டில் பெரும்பகுதி அப்படி வந்தது. கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு 1971 அக்டோபரைப் பாருங்கள். ஈரான் ஷா பெர்சப்போலிஸ் பாலைவனத்தில் கூடாரம் போட்டு, பாரிஸிலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவந்து, பேரரசின் 2,500 ஆண்டைக் கொண்டாடினார். எட்டு வருடம்கூட ஆகவில்லை, 1979 ஜனவரியில் விமானம் ஏறிவிட்டார். விருந்து மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரைத் திட்டியவர்கள் அந்த விருந்தை ஒருநாளும் மறக்கவில்லை.

நம் பக்கம் கேட்கத் தகுந்த ஒன்று: விழா முடிந்து அறுபது நாளுக்குள் செலவுக் கணக்கை ஊரறிய ஒட்ட வேண்டும். அதற்கு மேல் எதுவும் சேர்க்காதீர்கள்.

இந்தக் கோரிக்கையை நான் சாயாக்கடையில் வைத்தபோது ஹெட்மாஸ்டர் சார் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "நம்ம கோயில் கொடைக்கு நீதானே பொருளாளர்? தலைக்கட்டு வரி போன வருஷத்தைவிட ஐந்நூறு கூட்டியிருக்கே, தேங்காயெண்ணெய் லிட்டர் நானூறைத் தாண்டின வருஷத்தில். சிங்காரி மேளம் ரெண்டு செட்டு எதுக்கு?" என்றார். இரண்டாவது செட்டு கமிட்டித் தலைவரின் மச்சினன் வழியாக வந்தது. பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசினேன். சுமுகமாக எல்லாம் நடக்கவில்லை. மேளம் ஒரு செட்டாயிற்று, வரியில் முந்நூறு குறைந்தது, தலைவர் என்னோடு பேசுவதில்லை. கொடை முடிந்து நாற்பதாம் நாள், பெரிய எழுத்தில் கணக்கைச் சுவரில் ஒட்டினேன். முதல் ஆளாக வந்து படித்தது ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற ஒரு பாட்டி. விரலை வைத்து வரிவரியாகப் போனவர் வாழை இலைக்கு வந்ததும் நின்றார்.

"ஏ மக்கா, நாப்பது கட்டுன்னு போட்டிருக்கே. முப்பத்தஞ்சுதான் வந்தது, நான்தானே எண்ணி எடுத்தேன்."